அடுத்த ஊர்க்காரர் கட்டிய முடிச்சை நம்பி இறங்க: தன்னார்வ மீட்புக் குழுக்களுக்கான பொதுப் பயிற்சி வழிகாட்டி

பவானி கூடுதுறைக்குக் கொஞ்சம் கீழே, காவிரிக் கரையில் ஒரு கூட்டு ஒத்திகை நடத்தினோம். ஆற்றங்கரையில் பழகிய எங்கள் குழு ஒன்று, மலைப்பக்கம் வேலை செய்து பழகிய இன்னொரு குழு ஒன்று. ஆளுக்குப் பதிலாக 60 கிலோ மணல் மூட்டைக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டித் தண்ணீரில் விட்டிருந்தோம். மூட்டையில் கொக்கியை மாட்டியதும் எங்கள் ஆள் மூன்று விசில் ஊதினார். எங்கள் வழக்கத்தில் மூன்று என்றால் ‘இழு’. கரையில் கயிற்றைப் பிடித்திருந்த மலைக்குழுத் தம்பிகள் நான்கு பேரும் கயிற்றைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்கள். அவர்கள் படித்த பாடத்தில் மூன்று குறுவிசில் என்றால் ‘எல்லாரும் வெளியே போ’. மூட்டை தண்ணீரோடு போய்விட்டது.

“ஏனுங்கண்ணா, ஆபத்துன்னுதானுங்க ஊதுனீங்க?” என்று மூச்சு வாங்கக் கேட்டார் ஒரு தம்பி. எங்களிடம் பதில் இல்லை. அவரவர் பாடத்தை இரண்டு குழுவும் சரியாகத்தான் செய்திருந்தது. அன்றைக்குப் போனது மணல் மூட்டை என்பதால் நிம்மதியாக வீடு திரும்பினோம்.

அதிலிருந்து என் மனதில் ஒரே கேள்வி. அறிமுகமே இல்லாத ஒருவர் கட்டிய முடிச்சை நம்பி நான் கிணற்றுக்குள் இறங்க முடியுமா? நாடுகளுக்கிடையே பொதுப் பயிற்சித் தரம் வேண்டும் என்று பேசுகிறார்களே, அதன் சாரம் இந்தக் கேள்விதான். கொங்குப் பகுதியில் ஒரு தன்னார்வக் குழுவை அந்தத் தரத்துக்குக் கொண்டுவர என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தத் தரங்கள் எங்கிருந்து வந்தன

1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரத்தில் பெரிய நிலநடுக்கம். பயிற்சி இல்லாத பொதுமக்களே இடிபாட்டுக்குள் புகுந்து சுமார் 800 பேரைக் காப்பாற்றினார்கள். அப்படிப் புகுந்தவர்களில் சுமார் 100 பேர் திரும்பி வரவில்லை. அமெரிக்காவின் ‘செர்ட்’ என்ற ஊர்மக்கள் குழுப் பயிற்சியில் இன்றும் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை 1985-ல் உருவாக்கிய முறை அது. ஏறக்குறைய 20 மணி நேரப் பாடம், 1993 முதல் அந்த நாடு முழுக்க நடக்கிறது.

1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம். பல நாட்டுக் குழுக்கள் போய் இறங்கின. ஒரு குழுவின் பேச்சும் குறியும் அடுத்த குழுவுக்குப் புரியவில்லை. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1991-ல் ஐ.நா.வின் கீழ் அமைந்த ‘இன்சராக்’, அதாவது சர்வதேசத் தேடல் மீட்பு ஆலோசனைக் குழு. ஜெனீவாவில் அதன் செயலகம் இருக்கிறது. 2002-ல் ஐ.நா. பொதுச்சபை அதன் வழிகாட்டுதல்களை ஏற்றுத் தீர்மானம் போட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்சராக் இடிந்த கட்டடங்களுக்கானது. மலைமீட்புக்கு 1948 முதல் ‘இகார்’ என்ற அமைப்பு இருக்கிறது. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறைக்கு 1992-ல் அமைந்த ‘இல்கார்’ இருக்கிறது. ஆறு, கிணறு, மலை, சுவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே புத்தகம் எங்கும் கிடையாது. நம் ஊருக்கு வேண்டியதை நாம்தான் கோத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: உங்கள் ஊரில் மனிதர்கள் எப்படிச் சிக்குகிறார்கள் என்று எழுதுங்கள்

பயிற்சியாளரைத் தேடும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போங்கள். போன பத்து ஆண்டுகளில் எதற்கெல்லாம் வண்டி எடுத்தார்கள் என்று கேளுங்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர்களிடமும் பரிசல்காரர்களிடமும் கேளுங்கள். நம் பக்கம் கிடைக்கும் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், கொடுமுடிக் கரைகள். 2018 ஆகஸ்டில் 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது கரையோர வீதிகளில் படகு ஓடியது. மேட்டுப்பாளையத்தில் பில்லூர் அணைத் தண்ணீர் திடீரென்று ஏறி, பவானி ஆற்றில் குளிப்பவர்கள் நடுப்பாறையில் மாட்டிக்கொள்வது. தோட்டத்துக் கிணறுகளில் ஆளும் மாடும் விழுவது. வெள்ளியங்கிரி ஏறும் பருவத்தில் ஆறாவது, ஏழாவது மலையில் மூச்சுத்திணறி உட்கார்ந்துவிடுவது. சாயப்பட்டறைத் தொட்டியிலும் செப்டிக் டேங்கிலும் விஷவாயு. இடிபாடு நமக்கு வராது என்று நினைப்பவர்கள் 2019 டிசம்பர் 2-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் நடூரில் விடியற்காலை மழையில் சுற்றுச்சுவர் ஒன்று வீடுகள் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள்.

இந்தப் பட்டியலில் இரண்டே இரண்டை எடுங்கள். ஆற்றோர ஊர் என்றால் வெள்ளமும் கிணறும். மலையடிவார ஊர் என்றால் மலையும் மண்சரிவும். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் கற்க முயன்ற குழுக்கள் எதையும் உருப்படியாகக் கற்றதாக நான் பார்த்ததில்லை.

படி 2: உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இன்சராக்கில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று தரம். மீடியம் குழு ஓர் இடத்தில் இரவு பகலாக ஏழு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். ஹெவி குழு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பத்து நாள். நம் ஊர்க்குழு இந்த மூன்றுக்கும் கீழே, ‘முதலில் போய்ச் சேருபவர்கள்’ என்ற நிலையில் இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரக்கோணத்தில் இருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை கிளம்பி வந்து சேரும்வரை இருக்கும் அந்தச் சில மணி நேரம் நம்முடையதுதான்.

நம் நாட்டில் இந்த நிலைக்கு ஓர் அடிப்படை அளவு ஏற்கெனவே இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் தொடங்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 12 நாள் பயிற்சி தருகிறார்கள். பிறகு அது 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர் என்ற இலக்கோடு விரிந்தது. உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் பிரிவில் போய்க் கேட்டு, ஆட்களைச் சேர்க்க வழி இருந்தால் சேர்த்துவிடுங்கள். வழி இல்லையென்றால் அந்தப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, அதை உங்கள் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சராக் ஒரு குழுவை ஐந்து உறுப்பாகப் பிரிக்கிறது: நிர்வாகம், தேடல், மீட்பு, மருத்துவம், தளவாடம். நம் குழுக்களில் எல்லாருக்கும் மீட்பில்தான் ஆசை. ஜெனரேட்டருக்கு டீசல் யார் பார்ப்பது, ஈரத்துணியோடு நிற்பவனுக்கு மாற்றுத்துணி எங்கே, எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எழுதுவது யார்? பதினைந்து பேர் இருந்தால் நான்கு பேரை இதற்கென்றே ஒதுக்குங்கள். வயதானவர்கள், நீச்சல் தெரியாதவர்கள், வீட்டுப் பெண்கள் என்று ஒதுக்கிவைக்கும் ஆட்களில்தான் இதற்குக் கெட்டிக்காரர்கள் இருப்பார்கள். எங்கள் குழுவில் ஆள் கணக்கு எழுதுபவர் ஓய்வு பெற்ற ஒரு தறிப்பட்டறைக் கணக்குப்பிள்ளை. அவர் நோட்டில் பெயர் ஏறாமல் யாரும் தண்ணீரில் கால் வைக்க முடியாது.

படி 3: விசில், சைகை, குறி

கயிற்றைத் தொடும் முன் முடிக்க வேண்டிய பாடம் இது. செலவில்லாத பாடமும் இதுதான்.

இன்சராக்கின் விசில் மூன்றே மூன்று. ஒரு விநாடி அளவில் மூன்று குறுவிசில்: எல்லாரும் வெளியேறு. மூன்று விநாடி நீளும் ஒரே நெடுவிசில்: வேலையை நிறுத்து, சத்தம் போடாதே. நெடுவிசிலும் குறுவிசிலும் அடுத்தடுத்து: மறுபடி தொடங்கு. நெடுவிசில் ஏன் முக்கியம் தெரியுமா? இடிபாட்டுக்குள் இருப்பவரின் முனகல் கேட்க வேண்டும் என்றால் வெளியே நூறு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூட வேண்டும். ஜே.சி.பி. ஓட்டுநருக்கும் அந்த விசில் புரிய வேண்டும். ஒத்திகைக்கு அவரையும் கூப்பிடுங்கள்.

மலையில் கணக்கு வேறு. ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் முறையில் நிமிடத்துக்கு ஆறு முறை ஒலியோ ஒளியோ வந்தால் உதவி கேட்கிறார்கள் என்று பொருள். நிமிடத்துக்கு மூன்று முறை என்றால் ‘கேட்டுவிட்டது, வருகிறோம்’ என்று பதில். பார்த்தீர்களா, அதே மூன்று இங்கே இன்னொரு அர்த்தம். ஆகவே எந்த இடத்தில் எந்த முறை என்று வேலை தொடங்கும் முன் தலைவர் உரக்கச் சொல்ல வேண்டும், எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும். கயிறு இழுப்பதற்கு விசில் ஊதுவதையே நாங்கள் விட்டுவிட்டோம், வாயால்தான் சொல்கிறோம்.

வாய்ச்சொல்லிலும் கவனம் வேண்டும். கயிற்றை விடச் சொல்ல நம் பக்கம் ‘உடு’ என்போம், இழுக்க ‘இழு’ என்போம். இரண்டும் இரண்டு குறில், இரண்டும் உகரத்தில் முடிகிறது. மதகுப் பக்கம் தண்ணீர் இரைச்சலில் நின்று சொல்லிப் பாருங்கள், வித்தியாசமே தெரியாது. ‘உடு’ என்பதை எடுத்துவிட்டு ‘தளர்த்து’ என்று மாற்றினோம். ‘நிறுத்து’ மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நேற்றுச் சேர்ந்த பையன்கூட. சொன்னால் எல்லாரும் நிறுத்தியே ஆக வேண்டும். காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஹெலிகாப்டருக்கு இரண்டு சைகை. இரு கையையும் உயர்த்தி விரித்து நின்றால் ‘ஆம், உதவி வேண்டும்’. ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் ‘வேண்டாம்’. நமக்கு இது வெறும் புத்தக அறிவு கிடையாது. 2022 பிப்ரவரியில் பாலக்காட்டுப் பக்கம் மலம்புழா மலையிடுக்கில் மாட்டிய இளைஞரை ராணுவ வீரர்கள் கயிற்றில் மேலே ஏற்றியதும், ஹெலிகாப்டர்தான் தூக்கிக்கொண்டு போனது. கை காட்டி ‘டாட்டா’ சொல்வது உதவி கேட்பது ஆகாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சுவரில் போடும் குறி பற்றி இவ்வளவு போதும்: உள்ளே ஆள் இருக்கும் இடத்தில் ஆங்கில ‘வி’ எழுத்து, அதன் கீழே உயிரோடு இருப்பவர்களுக்கு ‘எல்’, இறந்தவர்களுக்கு ‘டி’, பக்கத்தில் எண்ணிக்கை. வெளியே எடுத்ததும் அந்த எண்ணை அடித்துவிட்டுப் புது எண். தமிழில் எழுதினால் நம் ஆட்களுக்கு எளிதுதான். ஆனால் அடுத்த மாநிலத்தில் இருந்து வருபவர் அதைப் படிக்க வேண்டுமே.

படி 4: கயிறும் கிணறும்

மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்து வடக்கயிற்றை நம்பி அப்புச்சிமார்கள் கிணற்றில் இறங்கினார்கள். அந்தக் கைகளுக்கு முடிச்சு தெரியும். ஆனால் அந்த முடிச்சு அவர்களுக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் பிரச்சினை.

ஐந்து முடிச்சுப் போதும். நான் முதலில் கற்றுத்தருவது ‘8’ வடிவ முடிச்சு, ஏனென்றால் கட்டியவர் இல்லாமலே அதைப் பார்வையால் சோதிக்கலாம். கயிறு எட்டு மாதிரி வளைந்து, வந்த வழியே இன்னொரு இழை கூடவே ஓட வேண்டும். இரண்டு இரண்டாக ஐந்து ஜோடி இழை தெரியும். எங்கேயும் ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டக்கூடாது. முடிச்சைத் தாண்டி மிஞ்சும் வாலின் நீளம் கயிற்றின் தடிமனைப் போல் குறைந்தது பத்து மடங்கு: 11 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 11 சென்டிமீட்டர், அதாவது நான்கு விரல் தாண்டி. அப்புறம் முடிச்சிலிருந்து வெளியே வரும் நான்கு இழையையும் தனித்தனியாக இழுத்து இறுக்க வேண்டும். கட்டியவர் ஒருவர், தொட்டுப் பார்ப்பவர் இன்னொருவர். தொட்டுப் பார்த்தவர் ‘பார்த்தேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். எவ்வளவு அனுபவசாலி கட்டினாலும் இதில் விதிவிலக்கு கிடையாது. “நாங்கட்டுனதையா பாக்கறே?” என்று கோபித்துக்கொண்ட மூத்தவர்கள் உண்டு. “உங்களுதையும் பாக்கோணும், என்னுதையும் பாக்கோணும்ங்க மாமா” என்று சொல்லிவிட்டுப் பார்த்துவிடுவேன்.

ஆள் இறங்கும்போது இரண்டு கயிறு: ஒன்று இறக்கும் கயிறு, ஒன்று காப்புக் கயிறு. இரண்டையும் ஒரே மரத்தில் கட்டாதீர்கள். கிணற்று மேட்டுக் கல் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் பழைய சாக்கோ டயரோ வையுங்கள்.

இறங்கும் முன் காற்று. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. விளக்கு அணைந்தால் பிராணவாயு குறைவு என்று தெரியும். எரிந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடை அது காட்டாது, மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கவில்லை என்பதும் சான்றாகாது. அந்த வாயு கூடக்கூட மூக்கு மரத்துப்போகும். நான்கு வாயு காட்டும் மீட்டர் வேண்டும், பிராணவாயு 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இறங்கக்கூடாது. மீட்டரும் மூச்சுக்கருவியும் இல்லாத குழு தொட்டியிலோ செப்டிக் டேங்கிலோ இறங்கவே கூடாது. தீயணைப்புப் படைக்குச் சொல்லிவிட்டு, வெளியிலிருந்து காற்றைச் செலுத்துங்கள், கூட்டத்தை விலக்குங்கள். அமெரிக்காவின் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் எச்சரித்தது இது: அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள். அண்ணனைத் தூக்கத் தம்பி, தம்பியைத் தூக்க அப்பா என்று ஒரே தொட்டியில் ஒரே வீட்டு ஆட்கள் போவதை நாம் செய்தியில் படிக்கிறோமே, அதன் எண்ணிக்கைதான் அது.

படி 5: தண்ணீர்

உலகம் முழுக்க நீர்மீட்பில் ஒரே வரிசை: கையையோ கம்பையோ நீட்டு, கயிற்றை எறி, படகில் போ, கடைசியாகத்தான் நீந்து. நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. நீச்சல் தெரிந்த பையன் முதலில் குதிக்கிறான்.

எறிகயிற்றுப் பைக்குள் 15 முதல் 20 மீட்டர் கயிறு இருக்க வேண்டும். வாரம் ஒரு நாள் பத்து எறி, காலி நிலத்தில் போதும். ஆளுக்கு மேல் தாண்டி விழ வேண்டும், முன்னால் விழக்கூடாது. வெள்ளத்தில் கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு இறங்குவதை நிறுத்துங்கள். ஓட்டம் இழுத்தால் கட்டிய கயிறே ஆளைத் தண்ணீருக்குள் அமுக்கும். பரிசல்காரர்களைப் பயிற்சியாளர் வரிசையில் உட்காரவையுங்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழலும் என்று சொல்லித்தர அவர்களைவிட யார் இருக்கிறார்கள்? ஆனால் அவர்களும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும்.

படி 6: உயிர் பார்ப்பது

நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. எந்த நாட்டில் கற்றாலும் இதுதான். நீரில் மூழ்கியவருக்கு மட்டும் மூச்சுக் கொடுப்பதில் தொடங்க வேண்டும், அவருக்குக் குறைந்தது பிராணவாயு என்பதால். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகச் சுற்றுவது எல்லாம் நேரத்தைத் தின்னும்.

பலர் அடிபட்டிருந்தால், யாரை முதலில் கவனிப்பது என்று நிறத்தால் பிரிக்கும் ‘ஸ்டார்ட்’ முறை. 1983-ல் கலிஃபோர்னியாவில் ஒரு தீயணைப்புத் துறையும் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. நடக்கிறவருக்குப் பச்சை. மூச்சுவழியைத் திறந்தும் மூச்சு இல்லையென்றால் கறுப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல், மணிக்கட்டில் நாடி இல்லை, சொன்னதைச் செய்யவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் சிவப்பு, அதாவது உடனே கவனிக்க வேண்டியவர். மிச்சம் மஞ்சள். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. சிவப்பு, மஞ்சள் துணிக்கிழிசல்களை ஒரு பையில் போட்டு வையுங்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இது கிடைப்பதற்குக் கஷ்டமே இல்லை.

படி 7: யார் சொல்வதைக் கேட்பது

பேரிடர் இடத்தில் யார் யாருக்குக் கட்டளை இடுவது என்று வகுக்கும் ‘சம்பவ எதிர்வினை முறை’க்கு இந்தியாவில் 2010 முதல் தேசிய வழிகாட்டுதல் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1970 காட்டுத்தீக்குப் பிறகு பிறந்த முறையின் நம் நாட்டு வடிவம். ஓர் இடத்துக்கு ஒரு தலைவர். ஒருவர் கீழே மூன்று முதல் ஏழு பேர், ஐந்து என்றால் நல்லது. வெளியிலிருந்து வரும் குழு முதலில் பதிவு செய்துவிட்டு, கொடுத்த இடத்தில் வேலை செய்ய வேண்டும். நாடுகளுக்கிடையிலும் இதே விதிதான்: பாதிக்கப்பட்ட நாடு கேட்காமல் எந்தக் குழுவும் கிளம்பக் கூடாது, வந்தால் வரவேற்பு மையத்தில் பதிய வேண்டும்.

2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் நிலச்சரிவு நடந்தபோது நம் பகுதியில் இருந்தும் ஆட்கள் துடித்துக் கிளம்பினார்கள். ராணுவப் பொறியாளர்கள் 190 அடி பெய்லி பாலம் போட்டு முடிக்கும்வரை, மறுகரைக்குப் போகும் ஒவ்வோர் ஆளும் ஒவ்வொரு வண்டியும் கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில் கேட்காமல் போய் நிற்கும் ஜீப் ஒன்று ஆம்புலன்ஸின் வழியை அடைக்கும். கிளம்பும் முன் 1077-ல் உங்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிடம் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் வீட்டில் இருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி.

படி 8: வெளியாள் வந்து சோதிக்கட்டும்

இன்சராக்கில் 2005 முதல் வெளிநாட்டுக் குழுக்களின் அனுபவசாலிகள் வந்து சோதித்துத்தான் தரம் கொடுக்கிறார்கள். ஹெவி குழுவுக்கு 36 மணி நேரம் விடாத ஒத்திகை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதனை. ஜெர்மனியில் 1950-ல் தொடங்கிய ‘டி.எச்.டபிள்யூ.’ என்ற மீட்பு அமைப்பில் 80,000-க்கு மேல் தன்னார்வலர்கள். எந்த ஊரில் சேர்ந்தாலும் ஒரே அடிப்படைப் பாடம், முடிவில் தேர்வு. அதனால்தான் ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊர்க் குழுவில் நேராகப் போய் நிற்க முடிகிறது.

நாமும் செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மாவட்டக் குழுவில் இருந்து இருவரைக் கூப்பிடுங்கள். தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவரையும் கேளுங்கள். நேரத்தையும் இடத்தையும் குழுவுக்கு முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஒத்திகையில் பாதி இருட்டில் நடக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எந்தத் தேதியில் எதைச் செய்து காட்டினார் என்று எழுதுங்கள். நெஞ்சழுத்தப் பாடம் இரண்டு ஆண்டில் காலாவதி. வெளியாள் சொல்லும் குறைக்கு அங்கேயே பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து பேசுங்கள்.

எங்கள் முதல் சோதனைக்கு அந்த மலைக்குழுவையே கூப்பிட்டோம். பரிசல் துறையில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, விடியும்போது முடித்தோம். விசில் குறி சரியாக இருந்தது. முடிச்சுகள் தேறின. ஆனால் அவர்கள் கொடுத்த தாளில் முதல் வரி இது: ‘பதினான்கு பேரில் ஒன்பது பேரின் விசில் பைக்குள் இருந்தது, கழுத்தில் இல்லை.’ அன்று காலையே டீக்கடையில் உட்கார்ந்து ஊசியும் நைலான் நூலும் வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொரு லைஃப் ஜாக்கெட்டின் இடது தோளிலும் விசிலைத் தைத்தோம். வாய்க்கு எட்டும் தூரத்தில், கை படாமலே கவ்வ முடிகிற மாதிரி.